திரும்பித் திரும்பி வந்த செவலைக் குதிரை

அல்லிக்குளத்தங்கரையில் ஒரு மந்தி குதிரைமேல் உட்கார்ந்து எட்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

குளத்தோரம் ஒரு மணல்திட்டு. அதன் ஒரு முனையில் வெள்ளைக் கல், மறுமுனையில் கரையான் புற்று. கல்லை ஒரு சுற்று, புற்றை ஒரு சுற்று. அதுதான் எட்டு. குதிரை கழுத்தை வளைத்துக்கொண்டு, நிறைகுடம் சுமப்பவள்போல் அலுங்காமல் நடந்தான். "நில்லு!" என்றாள் மந்தி. நான்கு காலும் ஒன்றுபோல ஊன்றி நின்றான். தவளைகள்கூடக் கத்துவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தன.

மந்தியின் பேர் சிலும்பி. குதிரையின் பேர் செவலை.

கரையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த முள்ளம்பன்றி தலையைத் தூக்கியது.

"ஏ சிலும்பி! எனக்கொரு சந்தேகம். குதிரைக்குத்தான் பிறந்த அன்னைக்கே நடக்கத் தெரியுமே? நீ என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறே?"

"தனியா நடக்கத் தெரியும் அண்ணே! முதுகில ஒருத்தரை வச்சுக்கிட்டு நடக்கிறது வேற நடை. அதைத்தான் சொல்லித் தர்றேன்."

"அப்படியா! அப்போ என்னையும் ஒரு சுற்று ஏத்திவிடேன்!"

சிலும்பி விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ ஏறி இறங்கினா அப்புறம் அது முதுகா இருக்குமா, சல்லடையா இருக்குமா?"

முள்ளம்பன்றிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஏழை முள்ளுக்கு எங்கே போனாலும் இதே பேச்சு" என்று முனகிக்கொண்டே மறுபடி கிழங்கைத் தோண்டியது.

சிலும்பியை யாரும் இந்த வேலைக்கு வைக்கவில்லை. ஆசைதான் காரணம். மேலே மலையூரில் பிள்ளைகளைச் சவாரி ஏற்றுகிற மட்டக்குதிரைகள் உண்டு. காலில் சுளுக்கோ, வயசோ வந்துவிட்டால் அவிழ்த்துக் காட்டுப்பக்கம் விரட்டிவிடுவார்கள். அப்படி வருகிறதைச் சிலும்பி குளத்தங்கரைக்குக் கூட்டி வருவாள். பச்சிலை அரைத்துக் கட்டுவாள். உடம்பு தேறியதும் நல்ல இடம் பார்த்துக் கொடுத்துவிடுவாள். கொடுக்கும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தாள். கொண்டுபோகிறவரும் குதிரையும் ஒரே துறையில் இறங்கி, பக்கத்தில் பக்கத்தில் நின்று தண்ணீர் குடிக்கவேண்டும். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரு வீடு.

முன்னால் வந்ததெல்லாம் கிழடுகள். நிழலில் துணைக்கு நின்றால் போதும் என்கிற வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. செவலை அப்படியில்லை. இளசு. சுளுக்கு ஆறியதும் கிண்ணென்று இருந்தான். சிலும்பி ஏறி உட்கார்ந்து நடை பழக்கிய முதல் குதிரை அவன்தான். சீந்தில் கொடியில் கடிவாளம் திரித்து, வாய் நோகாமல் மாட்டி, கோடை முழுக்கப் பழக்கினாள்.

குளத்தங்கரைப் புல்லோ மான் கூட்டத்துக்கே பற்றவில்லை. கூட்டத்துத் தலைவர் கவைக்கொம்பர் ஒருநாள் வந்தார்.

"சிலும்பி, நீ செய்யறது நல்ல காரியம்தான். ஆனா குளம் வத்திக்கிட்டே போகுது பார். நடுப்பாறை தலையைக் காட்டறதுக்குள்ள இந்தப் பையனுக்கு ஒரு இடம் பாத்துடு. இல்லேன்னா கீழே முள்ளுக்காட்டுக்குத்தான் போகணும். என் குட்டிங்க பட்டினி கிடக்கிறதை நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

முள்ளுக்காட்டில் செந்நாய்க் கூட்டம் திரிகிறது. ஒற்றைக் குதிரை அங்கே போனால் திரும்பி வராது.

"இவ்வளவு அழகா நடக்கிறவனை யார் வேண்டாம்னு சொல்லப்போறாங்க மாமா?" என்றாள்.

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முதலில் கீரி வந்தான். சுறுசுறுப்பான ஆள். ஓடைக்கு அப்பால் அவனுக்குப் பெரிய மேட்டுநிலம். செவலையைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. இருவரும் ஒரே துறையில் தண்ணீர் குடித்தார்கள். கீரி ஏறி உட்கார்ந்தான். ஓடை வரைக்கும் சிலும்பி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே போய், அந்தப் பக்கம் ஏற்றிவிட்டு வந்தாள். வந்து மரத்தில் ஏறிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாளே கீரி திரும்பி வந்தான். உடம்பெல்லாம் சேறு. பின்னால் செவலை. அவன் உடம்பிலும் சேறு.

"அக்கா! இதை நீயே வச்சுக்கோ! நேரா போன்னா இடப்பக்கம் சுத்துறான். இடப்பக்கம் போன்னா வலப்பக்கம் சுத்துறான். ஓடறான், நிக்கிறான், மறுபடி சுத்துறான்! எனக்குக் கண்ணெல்லாம் இருண்டு போச்சு. கடைசியில ரெண்டு பேரும் சேத்துக்குள்ள!"

சொல்லும்போதே கீரியின் வால் இப்படியும் அப்படியும் துள்ளிக்கொண்டிருந்தது. கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அதற்கு ஓய்வு கிடையாது.

கீரி போனபிறகு சிலும்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏண்டா சுத்தினே?"

"அவரு சுத்தச் சொன்னாரு அக்கா, சுத்தினேன்."

"அவன் நேரா போன்னுதானே சொன்னானாம்?"

"இல்லக்கா. சுத்தத்தான் சொன்னாரு."

சிலும்பி அவன் மூஞ்சியையே பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து "நட!" என்றாள். பஞ்சுபோல் நடந்தான். "வட்டம்!" என்றாள். வட்டம் போட்டான். சிலும்பிக்கு உள்ளுக்குள் என்னவோ குளிர்ந்தது. 'கள்ளப்பயல்! என்னை விட்டுப் பிரிய மனசில்லாம நாடகம் ஆடுறான்' என்று நினைத்துக்கொண்டாள். நினைக்க நினைக்க இனித்தது.

அடுத்து ஆமைப் பெரியவர் வந்தார். மேலக்குட்டையில் குடியிருக்கிறார். கோடையில் குட்டை வற்றினால் அடுத்த குட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் மழையே வந்துவிடுகிறது, அதனால் குதிரை வேண்டும் என்றார். சிலும்பி செவலையின் காதில் "ஒழுங்கா இருக்கணும்!" என்று சொல்லி, மேலக்குட்டை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

இந்தத் தடவை செவலையாகவே நடந்து வந்துவிட்டான். முதுகில் ஆமைப் பெரியவர்.

"அம்மா சிலும்பி, காலையில ஏறி உட்காந்தேன். நட அப்பான்னேன். நிக்கிறான். ஓடு கண்ணேன்னேன். நிக்கிறான். வெயில் ஏறுது, நிக்கிறான். வெயில் இறங்குது, நிக்கிறான். எனக்கே பொறுமை போயிடுச்சுன்னா பாரேன்! கடைசியில, மவனே, உன் வீட்டுக்கே போன்னேன். அதுக்கும் நின்னான். அப்புறம் தண்ணி தவிச்சிருக்கும் போல, அவனா இங்கே வந்துட்டான்!"

பெரியவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். தலை, கால், வால் எல்லாவற்றையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அலுப்பில் அங்கேயே தூங்கிப்போனார்.

"ஏண்டா நின்னே?"

"அவரு ஒண்ணுமே சொல்லலையே அக்கா."

"நாள் பூரா சொன்னேங்கிறார்!"

"எனக்கு ஒண்ணும் சொல்லல" என்று செவலை காதை மடக்கிக்கொண்டான்.

சிலும்பி திட்டினாள். ஆனால் திட்டுகிற வாயின் ஓரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. தவளைகளிடம் போய் "என்ன செய்யறது, நான் இல்லாம அவனால இருக்க முடியல" என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

"ஏன் அப்படின்னு யோசிச்சியா?" என்று கேட்டது ஒரு குட்டித் தவளை. "ஒருத்தர்கிட்ட சுத்துறான், ஒருத்தர்கிட்ட நிக்கிறான். பாசம்னா எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி அடம்பிடிக்க மாட்டானா?"

"போடி வாலறுந்தவளே!" என்றாள் சிலும்பி. ஆனால் அன்றைக்கு மரத்தில் படுத்தபோது அந்தக் கேள்வி எறும்புபோல் அவள் காதுக்குள் ஊர்ந்தது. ஏன் ஒருத்தரிடம் சுத்துகிறான்? ஏன் ஒருத்தரிடம் நிற்கிறான்?

விடிந்து பார்த்தால் குளத்தின் நடுவில் கறுப்பாக எதுவோ தெரிந்தது. நடுப்பாறையின் உச்சி! கவைக்கொம்பர் கரைக்கு வந்தார். பாறையைப் பார்த்தார். செவலையைப் பார்த்தார். சிலும்பியின் மூஞ்சியை மட்டும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் தேவாங்கு கண்ணாத்தா வந்தாள். பேருக்கேற்ற கண். குச்சிக் கை, குச்சிக் கால். கிளையைப் பிடித்தால் புயலே வந்தாலும் விடாத பிடி. மண்ணில் இறங்கினாலோ தவழத்தான் முடியும்.

"அக்கா, பொட்டலுக்கு அந்தப் பக்கம் புங்கந்தோப்புல என் தங்கச்சி இருக்கா. பிள்ளை பெத்திருக்கா. போன காத்துல நடுவுல இருந்த மரமெல்லாம் விழுந்துபோச்சு. கிளை வழியாப் போக வழியில்ல. தரையில தவழ்ந்து போனா கழுகு தூக்கிடும். இந்தக் குதிரை என்னைக் கொண்டுபோகுமா? அங்கே சுனை இருக்கு. இடுப்பளவு புல்லு இருக்கு, தின்னத்தான் ஆளில்ல. ராத்திரி நான் கண்ணு மூட மாட்டேன். நான் முழிச்சிருப்பேன், அவன் தூங்கலாம்."

கவைக்கொம்பர் நிமிர்ந்தார். "இதைவிட நல்ல இடம் கிடைக்காது சிலும்பி."

சிலும்பிக்குத் தலைகால் புரியவில்லை. "இப்போவே அவன் நடையைக் காட்டறேன் பாரு!" என்று கிளையிலிருந்து ஒரே தாவாகத் தாவினாள். கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. முள்ளம்பன்றி இருந்தது.

"ஐயோ!"

வால் நெடுக முள். முள்ளம்பன்றி பதறிப்போய்ச் சொல்லிற்று. "எல்லாரும் பாத்துக்கோங்க! நான் யார் மேலயும் ஏறல. அவதான் என் மேல ஏறினா!"

ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினார்கள். பச்சிலை வைத்துத் தேக்கிலையால் வாலைச் சுற்றி, அசையாமல் இருக்க இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். சிலும்பிக்கு வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. விடுவாளா? அப்படியே செவலைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"நட!"

செவலை நின்றான்.

"நடடா!"

நின்றான். கொடியைச் சுண்டினாள். காதைத் திருகாத குறை. ஆமைப் பெரியவரிடம் நின்றானே, அப்படியே கல்லாக நின்றான். தவளைகள் கொல்லென்று சிரித்தன. சிலும்பிக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. என்னிடமுமா? அப்போ என்மேல் பாசம் என்பதெல்லாம்?

அவள் மெதுவாக இறங்கி, குதிரையின் முன்னால் வந்து நின்றாள். கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்திருந்தது.

"செவலை, இதுவரைக்கும் உன்னைத் திட்டத்தான் கேள்வி கேட்டேன். இப்போ தெரிஞ்சுக்கக் கேக்கிறேன். ஏன் நின்னே?"

"நீ இன்னும் ஒண்ணும் சொல்லலையே அக்கா?"

"நட நடன்னு தொண்டை கிழியக் கத்தினேனே!"

"வாய் கத்திச்சு. வால் சொல்லலையே!"

"வாலா?"

"ஆமாக்கா. நட்டுக்க நின்னா ஓடணும். தொங்கினா நிக்கணும். இடது விலாவுல ஒரசினா இடது, வலது விலாவுல ஒரசினா வலது. மலையூர்ல என் மேல ஏறின பிள்ளைங்க எல்லாம் 'ஓடு ஓடு'ன்னு கத்துங்க. ஓடினா குதிரைக்காரர்கிட்ட அடி கிடைக்கும். அப்போவே வாயை நம்பறதை விட்டுட்டேன். உன் வாய் பாதி நேரம் பழம் தின்னுக்கிட்டு இருக்கும். வால்தான் எப்பவும் பேசும். நீ சொல்லிக் கொடுத்ததுன்னுதான் நினைச்சேன். நீ சொல்லித் தரலையா?"

சிலும்பி இடுப்பில் கட்டியிருந்த தன் வாலைத் தொட்டுப் பார்த்தாள். பிறந்தது முதல் கூடவே இருக்கிற வால். மரத்தில் தாவும்போது சரிந்துவிடாமல் தாங்குகிற வால். அது என்ன செய்துகொண்டிருந்தது என்று அவளுக்கே தெரியாது! கீரியின் துள்ளுகிற வால் நினைவுக்கு வந்தது. ஆமைப் பெரியவரின் ஓட்டுக்குள் ஒளிந்த வால் நினைவுக்கு வந்தது. பையன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நாடகமும் ஆடவில்லை.

"நான்தான் உன்கிட்ட நாடகம் பாத்திருக்கேன்" என்றாள் சின்னக் குரலில்.

எல்லாரும் கண்ணாத்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாத்தா தன் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. தேவாங்குக்கு ஏது வால்?

"எனக்கு வாலே இல்லையே அக்கா!" என்று அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"அழாதே. நான் பழக்கித் தர்றேன். முதல்ல..." என்று ஆரம்பித்த சிலும்பி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். வெள்ளைக் கல்மேல் போய் உட்கார்ந்தாள். "இல்ல. நான் ஏறினா மறுபடி என்னைத்தான் படிப்பான். நீங்க ரெண்டு பேருமே பேசிக்கோங்க."

கண்ணாத்தாவைக் குதிரையின் பிடரியருகில் ஏற்றி வைத்தார்கள். அவள் பிடரிமயிரைப் பற்றினாள்.

"செவலை, எனக்குத் தெரிஞ்சது பிடிக்கிறது ஒண்ணுதான். இறுக்கிப் பிடிச்சா நில்லு, தளர்த்தினா போ. சரியா?"

கல்மேல் இருந்த சிலும்பி தலையாட்டினாள். நல்ல யோசனை என்றுதான் அவளுக்கும் பட்டது. செவலை மட்டும் யோசித்தான்.

"பயம் வந்தா நீ என்ன செய்வே கண்ணாத்தா?"

"இறுக்கிப் பிடிச்சுக்குவேன்."

"பொட்டல்ல கழுகு வந்தா?"

"உசிரே போனாலும் விடாம இறுக்குவேன்!"

"அந்த நேரத்துல நான் நிக்கணுமா, ஓடணுமா?"

சிலும்பி வாயைப் பிளந்தாள். கோடை முழுக்க இவன் முதுகில் உட்கார்ந்தவள், இவன் இப்படியெல்லாம் யோசிப்பான் என்று ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை!

"அப்போ தளர்த்தினா நிக்கிறேன், இறுக்கினா போறேன்" என்றான் செவலை. "எந்தக் கையை இறுக்குறியோ அந்தப் பக்கம் திரும்புறேன்."

கவைக்கொம்பரும் பழகி முடிகிற வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன் என்றார். அப்படியே பழகினார்கள். முதலில் கோணல்மாணலாகத்தான் போனார்கள். புற்றில் முட்டினார்கள். ஒருதரம் குளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சிலும்பிக்குக் கை பரபரத்தது, நாக்கு துறுதுறுத்தது. வால் புண் ஆறிவிட்டது. என்றாலும் கட்டை அவிழ்க்காமலே உட்கார்ந்திருந்தாள். நடுப்பாறையின் தோள் வெளியே தெரிகிற அன்று, செவலை கண்ணாத்தாவோடு எட்டு போட்டான். சிலும்பியோடு போட்ட எட்டைப் போல அழகில்லை. ஆனாலும் எட்டுதான்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் இருவரும் ஒரே துறையில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். பிறகு பொட்டலுக்குள் நடந்தார்கள். கடைசி மரத்தடியில் சிலும்பி நின்றுகொண்டாள். வழியனுப்புகிற அன்றைக்கு மூட்டை மாதிரி நிற்க மனமில்லாமல், வால் கட்டை அவிழ்த்துப் போட்டிருந்தாள்.

பாதிப் பொட்டல் தாண்டியிருப்பார்கள். மண்ணில் ஒரு நிழல் வட்டமிட்டது. கழுகு!

கண்ணாத்தா அண்ணாந்து பார்த்தாள். பார்த்த திகைப்பில் கை தளர்ந்தது. செவலை நின்றுவிட்டான். நட்ட நடுப் பொட்டல். செடி இல்லை, செத்தை இல்லை. நிழல் சிறிதாகி, கறுத்து, நெருங்கியது.

செவலை தலையைத் திருப்பி மரத்தடியைப் பார்த்தான். சிலும்பிக்குத் தெரிந்துபோயிற்று. அவன் தேடுவது அவள் வாலை!

வால் தானாகவே நட்டுக்க எழுந்தது. நட்டுக்க நின்றால் ஓடு. ஓடுவான்! ஆனால் எந்தப் பக்கம் ஓடுவான்? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓடினால் அவளிடம்தான் ஓடி வருவான். திரும்புகிற வேகத்தில், பிடி தளர்ந்த கண்ணாத்தா தெறித்து விழுவாள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு இதே பொட்டலில் இதே கழுகு வரும். அப்போது இந்த வால் இங்கே இருக்குமா?

சிலும்பி எழுந்த வாலை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். மரத்துக்குப் பின்னால் போய் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மரத்தடியில் யாரும் இல்லை. செவலை பார்த்தான். வால் இல்லை. வாய் இல்லை. யாருமே இல்லை.

அப்போது அவன் பிடரியில் சின்னச் சின்ன விரல்கள் இறுகின. உயிரே போனாலும் விடாத பிடி. அதை அவன் உடம்பு முழுக்கக் கேட்டான்.

சிலும்பியின் காதில் குளம்புச் சத்தம் விழுந்தது. நெருங்கி வருகிறதா, விலகிப் போகிறதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். விலகித்தான் போயிற்று. மேலே இறக்கை ஒன்று வீசிக்கொண்டு இறங்கியது. ஒன்றும் கிடைக்காமல் திரும்ப ஏறியது. அப்புறம் சத்தமே இல்லை.

எட்டிப் பார்த்தாள். பொட்டலுக்கு அந்தப் பக்கம், புங்கந்தோப்பு நிழலில், ஒரு செவலை முதுகு புல்லுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதன்மேல் இரண்டு பெரிய கண்கள் மினுங்கின. குதிரை திரும்பிப் பார்க்கவில்லை.

"திரும்பிக்கூடப் பாக்கலையே அவன்" என்றது பின்னால் வந்து நின்ற முள்ளம்பன்றி. "உனக்கு வருத்தமா இல்லையா?"

"இருக்கு அண்ணே" என்றாள் சிலும்பி, கசங்கிப்போன வாலை நீவிவிட்டுக்கொண்டே. "ஆனா இப்போதான் அவனுக்கு நடை வந்திருக்கு."

நம்மிடம் மட்டும் நன்றாக நடப்பவனுக்கு நாம் கற்றுக்கொடுத்தது நம்மைத்தான். நாம் மறைந்து நின்ற பிறகும் நன்றாக நடப்பவனுக்குத்தான் நாம் நடையைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.